ஒரு கும்பிடு போதும்

மாவுச் சட்டி பறந்துபோய்ச் சுவரில் மோதியபோது நான் கழிப்பறையில் நெல்மில் தாத்தாவுக்குக் கால்சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது என்று அவரை அப்படியே விட்டுவிட்டு ஓட முடியாது. விழுந்தால் இடுப்பு போய்விடும். அவர் கையைச் சுவர்க் கம்பியில் பிடிக்க வைத்து, மாட்டியதை இடுப்புவரை இழுத்துவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்த்தித் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தால் அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

பலகாரம் சுடும் மின்சாரக் கல் தரையில் கவிழ்ந்து கிடந்தது. பூசணித் துண்டும் மீன் துண்டும் முட்டையும் மாவுமாகத் தரையெல்லாம் எண்ணெய். எங்களோடு வேலை பார்க்கும் நாரே குழாய்த் தண்ணீரில் மணிக்கட்டைக் காட்டியபடி அழாமல் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றக் கிழவிகள் ஏப்ரன் கட்டிய கோலத்தில் நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோம்னேம்மா நின்றார். அவருடைய ஏப்ரன் கிழிந்து காலடியில் கிடந்தது. முழங்கைவரை மாவு.

"இன்னும் எத்தனை?" என்றார் என்னைப் பார்த்து. "சொல்லு, இன்னும் எத்தனை தட்டு?"

இதற்கு எங்கள் முதியோர் இல்லத்தில் அர்த்தமுள்ள செயல்பாட்டு நேரம் என்று பெயர். பெயர் வைத்தவரைக் கூப்பிட்டு அந்த எண்ணெயைத் துடைக்கச் சொல்லியிருக்க வேண்டும். துடைத்தது நான்.

கியொங்சாங் மலைப்பக்கத்தில் எங்கள் ஊர். சுற்றிலும் ஆப்பிள் தோட்டம். சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் வரும் புயல் மழை அந்த வருஷமும் வந்து, பழுக்காத ஆப்பிளையெல்லாம் உதிர்த்துப் போட்டிருந்தது. பண்டிகை நெருங்கினால் எல்லா வீட்டிலும் ஜொன் சுடும் வாசனை வரும். துண்டு போட்டதை மாவில் புரட்டி, முட்டையில் முக்கி, கல்லில் வாட்டி வாட்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பிட லேசாக இருக்கும். சுடுகிறவளின் இடுப்பைக் கேட்டால் தெரியும்.

கோம்னேம்மா ஒரு பெரிய வம்சத்தின் மூத்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். கோம்னே அவர் பிறந்த ஊர். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி வந்தவளைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், கேட்டவர் யாரும் இல்லை. மூத்த வீடு என்றால் சும்மாவா? பாட்டன், பூட்டன், அவனுக்கும் மேலே இருந்தவன் என்று அத்தனை பேருக்கும் திவசம் அங்கேதான். ஒரு திவசம் முடிந்து பாத்திரம் காய்வதற்குள் அடுத்த திவசம் வந்துவிடும். ஊர் ஊராக ஆண்கள் கிளம்பி வந்து, கைகழுவி, கும்பிட்டு, சாப்பிட்டு, சடங்குக்கு உடுத்திய வெள்ளை அங்கி மடிப்புக் கலையாமல் திரும்பிப் போவார்கள். அத்தனைக்கும் அடுப்பில் நின்றது இந்த அம்மா.

மறதி நோய் முற்றி எங்களிடம் வந்த நாள் முதல் அவர் எந்தச் செயல்பாட்டிலும் சேரவில்லை. பலூன் தட்டுவார்கள், காகிதப் பூ மடிப்பார்கள், பொம்மைப் படத்துக்கு வர்ணம் தீட்டுவார்கள். இவர் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டு ஜன்னலைப் பார்ப்பார். கையை வெளியே எடுக்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்காருவார். குளிர்கிறதோ என்று கையுறை கொடுத்தோம். கையுறை போட்ட கையும் தொடைக்கு அடியில் போய்விட்டது.

"ஒண்ணுலயும் ஆர்வமே இல்லக்கா" என்று நாரே கவலைப்பட்டாள். நாரே சமூகப் பணியாளர், செயல்பாடுகளை வகுப்பது அவள் வேலை. கெட்ட பெண் இல்லை. படித்தவள், சின்னவள், எல்லாரையும் சிரிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை கொண்டவள். "அவங்களுக்கு அர்த்தமுள்ளதா ஒண்ணு கண்டுபிடிக்கணும். வாழ்க்கையில எதை அதிகம் செஞ்சாங்களோ அதைக் கொடுத்தா கை தானா வரும்."

யாரைப் போய்க் கேட்டாள்? மகனை.

மகன் கியுசொப் வம்சத்தின் தலைமகன். மாதம் ஒரு தரம் வருவார். வந்தால் ஷூவைக் கழற்றும்போதே தொண்டையைக் கனைப்பார். அவர் வந்துவிட்டார் என்று கட்டடத்துக்கே தெரிந்தாக வேண்டும்.

"எங்க அம்மாவுக்குப் படையல்தாம்மா உசுரு" என்று நாரேயிடம் சொன்னாராம். "அவங்க கையால சுட்ட ஜொன்னுக்கு மாகாணத்துலயே ஈடு கிடையாது. ஒரு நாள்கூட முடியலன்னு சொன்னதில்ல. கல்லை முன்னாடி வெச்சுப் பாருங்க, கை அதுபாட்டுக்கு வேலை செய்யும்."

கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். மற்றக் கிழவிகள் ஒன்று புரட்டுவதற்குள் இவர் ஒரு தட்டு சுட்டு அடுக்கிவிட்டாராம். நாரேக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைதட்டி, படம் எடுத்து, "இன்னொரு தட்டு போடலாமா பெரியம்மா?" என்று அடுத்த சட்டியை நகர்த்தியிருக்கிறாள். அந்தச் சட்டிதான் பறந்தது.

மருந்து தடவிக் கட்டுப் போட்டுவிடும்போது நாரே கேட்டாள். "நான் என்னக்கா தப்பு பண்ணேன்? வீட்ல கேட்டுத்தானே செஞ்சேன்?"

"மகனைக் கேட்ட. அதான் தப்பு" என்றேன். "அவர் அடுப்படிக்குள்ள எட்டிப் பாத்திருப்பாராடி? தட்டுல வந்ததுதான் அவருக்குத் தெரியும்."

இயக்குநர் ப்யோ குடும்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆள் எப்போதும் இஸ்திரி மடிப்போடு இருப்பார். சிரித்துக்கொண்டே பேசுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு எரியும். மூத்த வீட்டு அம்மாள் இங்கே இருக்கிறார் என்று விளம்பரத் தாளில் போட்டு ஆள் சேர்த்தவர் அவர்.

"இதோ பாருங்க, எங்க ஆளுக்குக் கை வெந்திருக்கு" என்றார். "நாளைக்கு இன்னொரு பெரியவங்களுக்கு ஆகும். பண்டிகை வரைக்கும் பாப்போம். இன்னொரு தடவை கைநீட்டினாங்கன்னா மலைமேல ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதணும். எனக்கு வேற வழி இல்ல."

மலைமேல் ஆஸ்பத்திரியை எனக்குத் தெரியும். எங்களிடமிருந்து அங்கே போனவர்கள் இருக்கிறார்கள். மணிக்கட்டைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி, மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள். போய்ப் பார்த்தால் கண் பாதி திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

கியுசொப்பின் பெண்சாதி மால்சுன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இடுப்புப் பட்டை போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதுகெலும்பு வட்டு நழுவிய ஆள். மாமியாரின் அடுப்பு இப்போது அவளுடையது.

"அங்க கையைக் கட்டுவாங்களாமே?" என்றாள்.

"பாதுகாப்புக்குத்தாங்க" என்றார் ப்யோ.

"யாரோட பாதுகாப்புக்கு?"

"மால்சுன்" என்று கியுசொப் தொண்டையைக் கனைத்தார். "பெரியவங்க பேசிட்டிருக்கோம்."

"பேசுங்க. நான் என்ன உங்க வாயைக் கட்டினேனா?"

கியுசொப் அவளைவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பினார். அம்மாவுக்குப் படையல் ஞாபகம் வந்துதான் கலங்கிவிட்டார், முறைப்படி ஒரு படையலைக் கண்ணால் பார்த்தால் அடங்கிவிடுவார் என்று சொன்னார். பண்டிகைக்கு முந்திய ஞாயிறு, எல்லாருக்குமாகக் கூடத்தில் ஒரு கூட்டுப் படையல் வைக்கலாம், தானே முன்னின்று நடத்தித் தருகிறேன் என்றார். ப்யோவின் முகம் மலர்ந்துவிட்டது. மூத்த வீட்டுத் தலைமகன் வெள்ளை அங்கியில் நின்று நடத்துவது என்றால் அந்தப் படம் எந்த ஊர்ப் பேப்பரில் வராது? உடனே நாரேயைக் கூப்பிட்டு, இதுதான் இந்த மாதத்துச் சிறப்புச் செயல்பாடு என்றார்.

"சமையல் யாரு?" என்று மால்சுன் கேட்டாள். இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். பதில் அந்தப் பார்வையிலேயே இருந்தது.

சனிக்கிழமை மழையில் நனைந்துகொண்டு அவள் வந்தாள். நானும் அவளும் சமையலறையில் ஒரு கூடை முளைப்பயறுக்கு நடுவில் உட்கார்ந்து வால் கிள்ளினோம். வெளியே ஓடையில் தண்ணீர் இரைந்தது. அடுப்பில் முள்ளங்கியும் மாட்டிறைச்சியும் கொதித்தது. அந்த வேலைக்குக் கை மட்டும் போதும் என்பதால் வாய்க்கு நிறைய நேரம் கிடைத்தது.

"இந்த வாலைக் கிள்ளாட்டி என்னக்கா ஆகும்? பூட்டனுக்குப் பல்லுல சிக்கிக்குமா?" என்றாள்.

"பூட்டனுக்குப் பல்லு எங்க இருக்கு?"

"அதுவும் சரிதான்." சிரித்தாள். உடனே முகம் மாறியது. "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அத்தையை எனக்குப் பிடிக்காது. ஒரு நாளும் பிடிச்சதில்ல. நான் மொத மொதல்ல சுட்ட ஜொன்னை, ஓரம் கருகிப்போச்சுன்னு, என் கண்ணு முன்னாடியே நாய்க்குப் போட்டவங்க அவங்க. நாய்கூட என்னைப் பாவமாப் பாத்துச்சு."

"நாய்க்காவது கெடச்சுதே."

"சிரிக்காதீங்கக்கா. என் பெரியவ பொறந்து ஒரு வாரம்கூட ஆகல, பூட்டன் திவசம். படுத்திருக்கேன். கதவைத் திறந்து நிக்கிறாங்க. 'உன் புருஷன் பொறந்த மறுநாளே நான் அடுப்படியில நின்னேன். நீ என்ன ராசாத்தியா?'ன்னாங்க. எழுந்து போனேன். ரத்தம் கால்ல வழியுது, நான் மீனைப் புரட்டறேன்." ஒரு கைப்பிடி முளையை எடுத்து அப்படியே கசக்கினாள். "அன்னிக்கு நெனச்சேன், உனக்கு ஒரு காலம் வரும், அப்ப நான் பாத்துக்கறேன்னு. வந்துருச்சு காலம். இப்ப நான் பழி வாங்கலாம். மலைமேல போயி கட்டிப்போடட்டும்னு விட்டுடலாம். வீட்டுக்கு வந்தா எனக்குத்தானே பாடு?"

"விட்டுட வேண்டியதுதானே."

"முடியலையே!" அவள் குரல் உயர்ந்தது. "அவங்க கையைத் தொடைக்கடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. ஏன்னு எனக்குத் தெரியும். என் புருஷனுக்குத் தெரியாது. எனக்கும் வயசாகி புத்தி போச்சுன்னா நானும் அப்படித்தான் உக்காருவேன். 'கையைக் காணோம், தொலைஞ்சுபோச்சு, வேற ஆளைப் பாருங்க'ன்னு."

நான் சூப்பைக் கிளறிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஒரு விஷயம் தெரியுமாக்கா? அத்தனை வருஷம் சமைச்சாங்களே, படையலை முன்னாடி இருந்து அவங்க பாத்ததே கிடையாது. எங்க வீட்ல பொம்பளைங்க கூடத்துக்குள்ள போயி கும்பிடக் கூடாது. அடுப்படி வாசல்ல நின்னு தட்டை நீட்டணும். உள்ள இருந்து ஒரு கை வந்து வாங்கிக்கும். அவ்வளவுதான். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம், எச்சத் தட்டெல்லாம் திரும்பி வந்தப்புறம், அண்டா அடியில ஒட்டினதுல சுடுதண்ணி ஊத்தி நின்னுக்கிட்டே குடிப்பாங்க. அவங்க முன்னாடி ஒரு தட்டை ஒருத்தர் வெச்சு நான் பாத்ததில்ல. நானும் வெச்சதில்ல. வெச்சா திட்டுவாங்க."

"உன் புருஷன் ஒரு நாளும் முடியலன்னு சொன்னதில்லங்கறார்."

"யாருகிட்ட சொல்லுவாங்க?" என்றாள் மால்சுன். "கேக்கற தூரத்துல எவன் இருந்தான்?"

அவளுடைய கோபம் எனக்கும் தொற்றிக்கொண்டது. தொற்றுவதற்குக் காத்துக்கொண்டிருந்தது என்பதுதான் உண்மை. என் புருஷன் செத்த வருஷமே எங்கள் வீட்டில் திவசங்களை நான் நிறுத்திவிட்டேன். மைத்துனன் வந்து கூச்சல் போட்டான். "அடுப்பு அங்க இருக்கு, அண்டா பரணையில இருக்கு, நீயே வை" என்றேன். அன்றைக்குப் போனவன்தான்.

ஞாயிறு காலை மழை விட்டு வெயில் அடித்தது. கூடத்தில் மடிப்புத் திரையை விரித்து, அதற்கு முன்னால் தாழ்வான நீளமேசையைப் போட்டு, ஆண்கள் கும்பிடப் பாய் விரித்து, மால்சுன் சமைத்ததையெல்லாம் அடுக்கினார்கள். அவித்த ஆக்டோபஸ், உப்பு மீன், ஜொன், ஆப்பிள், பேரிக்காய், இலந்தை. எங்கள் பக்கத்து மூத்த வீடுகளில் சூசொக்குக்கும் புது அரிசிச் சோறுதான். கிண்ணத்தில் குவித்து, பக்கத்தில் சூப்பு. திரைக்கும் மேசைக்கும் நடுவில் போட்ட திண்டில் இறந்தவர்கள் வந்து உட்காருவதாக ஐதீகம். அவர்கள் பார்க்கும்படி சோற்றில் கரண்டியை நட்டுவைப்பார்கள்.

ப்யோ என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கோம்னேம்மா அறையிலயே இருக்கட்டும். நீங்க கூட இருங்க. பேப்பர்க்காரங்க வந்திருக்காங்க."

"அவங்களுக்காகத்தானே சார் இந்தப் படையல்?"

"ஆமாமா. ஆனா கல்லு கில்லு தூக்கி எறிஞ்சாங்கன்னா? புரிஞ்சுக்கோங்க ஓக்சிம்மா. இன்னிக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்களை வெச்சுக்க என்னால முடியாது. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கியுசொப் பக்கத்திலேயே வெள்ளை அங்கியில் நின்றார். குதிரைமயிர்த் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அதுவும் சரிதான்" என்றார். மால்சுன் சமையலறை வாசலில் தட்டோடு நின்று இதைக் கேட்டாள். "அப்ப இது யாருக்கு? உங்க தொப்பிக்கா?" என்றாள். அவர் காதில் விழாததுபோல் திரும்பிக்கொண்டார்.

நெல்மில் தாத்தாவை முன்வரிசையில் வைத்திருந்தார்கள். அவர் மட்டும் உற்சாகமாக இருந்தார். புத்தாண்டுக்கு வங்கிக்காரர்கள் தொண்டு செய்ய வந்தபோது ஓர் இளைஞர் மரியாதை மிகுதியில் அவரை விழுந்து இரண்டு தரம் கும்பிட்டுவிட்டார். உயிரோடு இருப்பவருக்கு ஒரு கும்பிடு, செத்தவருக்கு இரண்டு. இது குழந்தைக்குக்கூடத் தெரியும். "அடப்பாவி, இன்னொண்ணு கும்பிட்டு என்னைப் புதைச்சுட்டியே!" என்று தாத்தா சிரித்த சிரிப்பில் பல்செட் விழுந்துவிட்டது. அதிலிருந்து யார் கும்பிட்டாலும் உரக்க எண்ணுவார். இன்றைக்கும் எண்ணக் காத்திருந்தார்.

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கோம்னேம்மா கட்டிலில் கையைத் தொடைக்கடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நல்லெண்ணெய் வாசனை கதவிடுக்கில் வந்தது. வெளியே ஆண்கள் தொண்டையைக் கனைக்கும் சத்தம். அது கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைகளைத் தானே வெளியே எடுத்தார். பழைய எண்ணெய் சுட்ட தழும்புகள் மணிக்கட்டெல்லாம் இருந்தன.

"வந்துட்டாங்களா எல்லாரும்?"

"வந்துட்டாங்கம்மா."

"இன்னும் எத்தனை தட்டு?"

எத்தனையோ தடவை என்னிடம் கேட்ட கேள்வி. எத்தனையோ தடவை பேச்சை மாற்றியிருக்கிறேன், பலூனைக் கையில் கொடுத்திருக்கிறேன். இன்றைக்குக் கோபத்தில் உண்மையைச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லம்மா. முடிஞ்சுது. எல்லாம் சமைச்சாச்சு. இனிமே நீங்க ஒண்ணுமே சுட வேண்டாம்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தாரோ என்னவோ.

"அப்ப நான் சாப்பிடலாமா?" என்றார்.

இதற்கு அப்புறமும் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்க என்னால் ஆகுமா? மலைமேல் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது, கட்டில் கம்பியும் துணியும் ஞாபகம் வந்தது. இருந்தாலும் திறந்தேன். திறந்தது நான்தான், யார் கேட்டாலும் சொல்வேன். என் வேலை போயிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

கூடத்தில் அப்போதுதான் மதுவை ஊற்றி, சோற்றில் கரண்டியை நட்டுவிட்டு, கியுசொப்பும் மற்ற வீட்டு ஆண்களும் வரிசையாக முதல் கும்பிடுக்குக் கீழே போனார்கள். கியுசொப்பின் கும்பிடு ஊரறிந்தது. நெற்றியைக் கையில் பதித்தால் எழுந்திருக்கவே மாட்டார். தலைமகன் எழாமல் மற்றவர்களும் எழ முடியாது. அத்தனை பேர் முதுகும் நெளியாமல் கிடக்க, கோம்னேம்மா சுவரோரமாக நடந்தார். வரிசையின் பின்னால் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தியும் தடுக்கவில்லை. ப்யோ பேப்பர்க்காரரின் தோளுக்குப் பின்னால் நின்று கையைக் காலை ஆட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

படையலின் முன்பக்கம் வந்ததும் அவர் நின்றார். மேசையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தார். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். திரை வழியை அடைத்தது. பக்கத்தில் நின்ற நாரே, கட்டுப் போட்ட கையாலேயே திரையின் ஒரு மடிப்பைத் தள்ளி வழிவிட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அந்தப் பெண்மேல் தனி மரியாதை.

கோம்னேம்மா அந்தத் திண்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நட்ட கரண்டியைச் சோற்றிலிருந்து பிடுங்கினார். சாப்பிடத் தொடங்கினார்.

"ஒண்ணு!" என்று நெல்மில் தாத்தா உரக்க எண்ணினார்.

கியுசொப் தலையைத் தூக்கினார். எதிரே அவருடைய அம்மா வாய் நிறையச் சோறோடு இருந்தார். கன்னத்தில் ஒரு பருக்கை. தலைமகனின் தொப்பி நழுவி ஒரு காதில் தொங்கியது. கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "யார் விட்டது இவங்களை? இழுங்க, எழுப்புங்க! முன்னோர் உட்கார்ற இடம் அது! எச்சப் பண்ணிட்டாங்களே!"

நான் அசையவில்லை. சமையலறை வாசலிலிருந்து மால்சுன் வந்தாள். இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் கால் வைக்கக் கூடாத அந்தப் பாயின்மேல் நடந்து, ஆண்கள் வரிசையைத் தாண்டிப் போனாள். மாமியாரை எழுப்பப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். மண்டியிட்டு, மீன் தட்டை எடுத்து, முள்ளை எடுத்துவிட்டு மாமியார் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க அத்தை" என்றாள். "ஜொன் ஓரம் கருகல. பாத்துக்கோங்க."

கோம்னேம்மா ஒன்றை எடுத்து, திருப்பிப் பார்த்து, கடித்தார். "உப்பு கம்மி" என்றார்.

"இருக்கட்டும். தின்னுங்க."

"மால்சுன்!" என்று கியுசொப் கத்தினார். "இன்னொரு கும்பிடு பாக்கி இருக்குடி! படையல் பாதியில நிக்குது! அவங்களை வெச்சுக்கிட்டு நான் எப்படி ரெண்டாவது கும்பிடறது?"

"கும்பிடாதீங்க."

"என்ன?"

"உசுரோட இருக்கறவங்களுக்கு ஒண்ணு. செத்தவங்களுக்கு ரெண்டு." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. அவ்வளவு கோபத்தைச் சத்தமில்லாமல் நான் கேட்டதில்லை. "உங்கம்மா உசுரோட இருக்காங்க. ஒண்ணு கும்பிட்டாச்சு. உங்க ஆயுசுல மொத தடவை சரியான ஆளைக் கும்பிட்டிருக்கீங்க. ஒரு கும்பிடு போதும். இல்ல, ரெண்டாவதும் போட்டே ஆகணும்னா போடுங்க. அம்மாவைச் செத்தவங்கள்ல சேத்துட்டேன்னு பேப்பர்க்காரர் படம் எடுத்துக்கட்டும்."

பின்னால் கிடந்த ஆண்கள் எழுவதா கிடப்பதா என்று தெரியாமல் முழங்காலில் நின்றார்கள். "ரெண்டு கிடையாதா?" என்று தாத்தா ஏமாந்து கேட்டார்.

ப்யோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாரேயிடம் வந்தார். "இதெல்லாம் ஒரு செயல்பாடா? சர்க்கார் மதிப்பீட்டுக்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது?" என்று பல்லைக் கடித்தார்.

"கையைப் பாருங்க சார்" என்றாள் நாரே. "வந்த நாள்ல இருந்து அடுப்பு வேலைக்குத் தவிர வெளிய வராத கை. ரெண்டும் மேசை மேல இருக்கு. இனிமே மூணு வேளையும் இவங்களுக்குத்தான் மொதல்ல தட்டு வைக்கப் போறோம். நீங்க யாருக்கு வேணாலும் எழுதுங்க. மலைமேல அனுப்பணும்னா, ஏன் அனுப்பறீங்கன்னு அதோ அந்தப் பேப்பர்க்காரர்கிட்ட நான் சொல்றேன்."

ப்யோ பேப்பர்க்காரரைப் பார்த்தார். மலைமேல் ஆஸ்பத்திரியைப் பற்றி அதன் பிறகு அவர் பேச்செடுக்கவில்லை.

கோம்னேம்மா யாரையும் கவனிக்கவில்லை. சோற்றை முடித்து, ஆக்டோபஸில் ஒரு துண்டு மென்று, சூப்புக் கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி உதட்டில் வைத்தார். முகம் சுளித்தது. கிண்ணத்தைக் கீழே வைத்து, எதிரே மண்டியிட்டிருந்த வெள்ளை அங்கிக்காரரைப் பார்த்தார். மகன் என்று தெரிந்ததா, வேலைக்கு நிற்கும் யாரோ என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது.

"ஆறிப்போச்சு" என்றார். "சுட வெச்சுக் கொண்டா."

மால்சுன் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். நீட்டிய கையைப் பாதியில் மடக்கினாள். மெதுவாக அந்தக் கையைத் தன் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்தாள்.

கியுசொப் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாரேயைப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. கடைசியில் எழுந்து, தொப்பி ஒரு காதில் தொங்க, கிண்ணத்தை இரு கையாலும் எடுத்துக்கொண்டார். இரண்டு எட்டு வைத்து நின்றார். கூடத்தில் நான்கு கதவுகள். எது சமையலறை என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பெண்சாதி அன்று காலையிலிருந்து அவற்றில் எதிலிருந்து வந்து வந்து போனாள் என்று அவர் பார்த்திருக்கவில்லை. சூப்பு விளிம்பில் தளும்ப ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

நான் வழி காட்டவில்லை.